நிமிர்த்திய சுவர்

பிப்ரவரி 3

அன்புள்ள வாண்டுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல இருப்பவை:

1. தொகுப்பில் எத்தனை கட்டடங்கள் இருக்க வேண்டும்
2. படங்களை எப்படித் திருத்துவது
3. உன் எழுத்தில் எவ்வளவு மிஞ்சும்
4. பக்கத்தில் வெற்றிடம் எதற்கு

தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் கேள்விக்கு எனக்குப் பதில் தோன்றும்போது நீ அடுத்த கேள்விக்குப் போயிருப்பாய். எழுதும்போது இடையில் யாரும் புகுந்து பேச மாட்டார்கள், உன் பெரியம்மாகூட.

தொடங்குமுன் ஒரு தயக்கம். நான் பாடநூல் அச்சகத்தில் படம் திருத்திப் பக்கம் கட்டியவன். ஓய்வுபெற்ற பிறகு இங்குள்ள கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்களுக்கு அதே வேலையைக் கணினியில் செய்து தருகிறேன், அவ்வளவுதான். நீ வேலைக்கு விண்ணப்பிக்கும் கட்டடக்கலை அலுவலகமோ ஆண்டுக்கு ஒருவரை மட்டும் எடுப்பது. அதற்கு உன் கட்டடங்களைக் காட்டும் தொகுப்புப் புத்தகத்தைச் செய்ய என்னைவிடத் தகுந்த ஆள் நீ இருக்கும் ஊரிலேயே கிடைக்கலாம். நீ இதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஒன்று. நீ அனுப்பிய ஐந்து கட்டடங்களில் மூன்றை நீக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒருவேளை நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். உன் முப்பது மாடிக் கோபுரம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னிடம் வரும் எல்லா மாணவர்களிடமும் அப்படி ஒரு கோபுரம் இருக்கிறது. நீயும் உன் வகுப்பாரும் அந்தச் சிற்றூரில் நிஜமாகவே கட்டி முடித்த படிப்பகம் வேறு யாரிடமும் இருக்காது. முதல் பக்கம் அதற்குத்தான்.

இரண்டு. இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. வானம் வெளுத்துப் போகக் கூடாது. அதற்காக நீலம் பூசவும் கூடாது. தொங்கும் வயர்கள் போக வேண்டும். செங்குத்துக் கோடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். படத்தில் ஒரு சுவர் சாய்ந்து தெரிந்தால் சாய்ந்தது கேமராதான், சுவர் அல்ல. இதற்கு விதிவிலக்கு இல்லை. படிப்பகத்தின் உட்புறப் படத்தில் மூலையில் ஒரு நீல வாளி தெரிகிறது. அது என்னவென்று சொன்னால் நல்லது.

மூன்று. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஐந்து வரி போதும். தேர்வு செய்பவர்கள் பேசிக்கொண்டே பக்கம் புரட்டுவார்கள்.

நான்கு. வெற்றிடத்தைக் கண்டு பயப்படாதே. சுற்றிலும் இடம் விட்டால்தான் படம் மூச்சு விடும்.

இவற்றில் எதையும் நீ ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை.

உன் பெரியப்பா


பிப்ரவரி 9

அன்புள்ள பெரியப்பா,

தகுந்த ஆள் எங்கள் ஊரில் இருக்கிறாரா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. விஷயம் முடிந்தது.

கடிதத்தை என் அறைத்தோழிக்குப் படித்துக் காட்டினேன். "உங்க பெரியப்பா ஒவ்வொரு வரிக்கும் மன்னிப்பு கேட்டுட்டு, கடைசியில உன் கோபுரத்தை அப்படியே சாய்ச்சுட்டாரே!" என்றாள். அந்தக் கோபுரத்துக்காக ஒரு பருவம் முழுக்க நான் அதன் அட்டை மாதிரிக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்திருக்கிறேன். எங்கள் ஆசிரியர் அதைத்தான் மெச்சினார். ஆனாலும் நீங்கள் சொன்னதைப் படித்ததும் உள்ளுக்குள் "ஆமாம்" என்று ஒரு குரல் கேட்டது. நீக்கிவிடுங்கள். இப்போதே, நான் மனம் மாறுவதற்குள்.

ஐந்து வரிக்கு மட்டும் சண்டை போடுவேன். எட்டு?

வாளி சும்மா அங்கே கிடந்தது. எடுத்துவிடுங்கள்.

படிப்பகத்தின் வெட்டுப்படத்தை இத்துடன் அனுப்புகிறேன். கட்டடத்தை நடுவில் கத்தி வைத்து அறுத்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் படம். மையில் கையால் வரைந்தது, கசக்கிவிடாதீர்கள். அதை உட்புறப் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் போடுங்கள்.

இறுதித் தேர்வு நெருங்கிவிட்டது. மாதிரிப் பக்கங்களை எனக்கு அனுப்பி, நான் பார்த்துத் திருப்பி அனுப்ப நேரம் இல்லை. அச்சகத்திலிருந்து ஒரு பிரதி நேரே அந்த அலுவலகத்துக்குப் போகட்டும். எனக்கு ஒன்று போதும். உங்கள் கண்மேல் எனக்குள்ள நம்பிக்கை என் கண்மேல்கூட இல்லை.

பெரியம்மாவுக்கு ஒரு முத்தம். உங்களுக்கு இல்லை, கோபுரம் போன துக்கம்.

வாண்டு


பிப்ரவரி 19

அன்புள்ள வாண்டுக்கு,

ஏழு வரி.

வேலை முடிந்தது. இன்று காலை ஒரு பிரதி அந்த அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டது. இன்னொன்று இந்தக் கடிதத்துடன் உனக்கு. அச்சகத்தில் தாளைத் தடவிப் பார்த்தேன். கறுப்பு மை நன்றாக இறங்கியிருக்கிறது. என் வேலையை நானே புகழ்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் இது நன்றாக வந்திருக்கிறது என்று எழுத இந்த ஒரு முறை கை கூசவில்லை.

உட்புறப் படம் மட்டும் முரண்டு பிடித்தது. கைபேசியின் அகன்ற லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும் என்பது தெரிந்ததுதான். இடப்பக்கச் சுவரை நிமிர்த்தினால் ஜன்னல் எதிர்த்திசையில் சாய்ந்தது. ஜன்னலைச் சரிசெய்தால் புத்தக அடுக்கு கோணிக்கொண்டது. ஒவ்வொன்றையும் தனியாக வெட்டி எடுத்து நிமிர்த்தி ஒட்ட வேண்டியிருந்தது. சுவரடியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். சுவர் நிமிர்ந்ததும் அவர் காற்றில் சாய்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டது. அதனால் அவரை எடுத்துவிட்டேன். தூங்குபவர் ஒரு கட்டடத்துக்கு நற்சான்றும் அல்ல. வாளியும் போயிற்று.

பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பளிச்சுன்னு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

உன் பெரியப்பா


பிப்ரவரி 24

பெரியப்பா,

நீங்கள் என் சுவரை நிமிர்த்திவிட்டீர்கள்.

படிப்பகத்தின் மேற்குச் சுவர் சாய்ந்துதான் இருக்கிறது. கேமரா சாய்க்கவில்லை, நான் சாய்த்தேன். மேலே போகப்போக வெளிப்பக்கம் சாயும். உச்சி வெயிலில் சுவர் தன் நிழலில் தானே நிற்கும். உள்ளே தரையில் உட்கார்ந்து படிப்பவருக்கு அதுவே முதுகு சாய்க்கும் பலகை. நாற்காலி வாங்க வழியில்லாத படிப்பகத்தில் நான் கொடுத்த ஒரே நாற்காலி அந்தச் சுவர். அந்தக் கட்டடத்தில் என்னுடையது என்று சொல்ல வேறு எதுவுமே இல்லை.

நீங்கள் அழித்த அந்த ஆள் யார் தெரியுமா? அதைக் கட்டிய கொத்தனார். முதல் நாளே சண்டை. "சாஞ்ச சுவர் கட்டினா ஊரு உன்னைச் சொல்லாதும்மா, என் கையைத்தான் சொல்லும்" என்றார். நான் ஊருக்குப் போயிருந்தபோது நேர் பார்க்கும் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, முழங்கால் உயரத்துக்கு நேராகவே எழுப்பிவிட்டார். வந்து இடிக்கச் சொன்னேன். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டுத்தான் சாய்த்துக் கட்டினார். வேலை முடிந்த அன்று மதியம் அதே சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். அந்தப் படம்தான் அது. அவர் தோற்றுப்போனதற்கு அத்தாட்சி. என் படிப்பு முழுவதற்கும் எனக்குக் கிடைத்த ஒரே மதிப்பெண் என்று நினைத்திருந்தேன்.

அவரைத் துடைத்துவிட்டு, அவர் கட்ட நினைத்த சுவரை நீங்கள் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் என் வெட்டுப்படம். அதில் சுவர் சாய்ந்திருக்கிறது. புரட்டிப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஒன்று, வரைந்ததைக் கட்டத் தெரியாதவள். இல்லையென்றால், படத்தில் பொய் சொல்பவள். மார்ச் பத்தாம் தேதி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதற்காக என்றுதான் புரியவில்லை.

வெட்டுப்படத்தைக் கையில் வைத்துப் பக்கத்தில் பொருத்தியவர் நீங்கள்தானே? அந்தச் சாய்ந்த கோடு உங்கள் கண்ணில் படவே இல்லையா?

பதில் எழுத வேண்டாம்.


பிப்ரவரி 28

அன்புள்ள வாண்டுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நான் உன் சொல்லைத் தட்டியது இதற்குமுன் இல்லை என்று நினைக்கிறேன்.

இன்று எண் போட்டு எழுத மனம் வரவில்லை.

பட்டது. அந்தக் கோடு கண்ணில் பட்டது. வரையும்போது சாய்த்து வரைந்தாய், கட்டும்போது கைவிட்டுவிட்டாய் என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். மாணவர்கள் பலர் அப்படிச் செய்வதுண்டு. கேட்டிருக்கலாம். பரீட்சை நேரத்தில் உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று விட்டுவிட்டேன். உன் கடிதத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றாமலேயே என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, படத்தைப் பார்த்தப்பவே சந்தேகம் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"ஒரு போன் போட்டுக் கேட்டா வாய் வலிக்குமா?"

"தொந்தரவா இருக்குமேன்னு..."

"ஓஹோ. அடுத்தவ சுவரை இடிச்சுக் கட்டுறது தொந்தரவு இல்ல, கேக்குறதுதான் தொந்தரவு."

"விதிவிலக்கு இல்லை" என்று நான் எழுதிய விதி எனக்கு எவ்வளவு துணிச்சலைக் கொடுத்ததோ, அதில் கால்வாசியைக் கேட்பதற்குக் கொடுத்திருந்தால் போதும்.

இத்துடன் ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். தொகுப்பின் அதே அளவு, அதே தாள். இடப்பக்கம் நான் நிமிர்த்திய படம். வலப்பக்கம் நீ எடுத்த படம், சாய்ந்த சுவருடனும் தூங்கும் கொத்தனாருடனும். கீழே ஒரே வரி: "சுவரைச் சாய்த்தவர் மாணவி. நிமிர்த்தியவர் அவருடைய பெரியப்பா." நேர்காணலில் இதை நீ காட்டலாம், கிழித்தும் போடலாம். அந்த அலுவலகத்துக்கு நானே எழுதிவிடலாமா என்று தோன்றியது. உன்னைக் கேட்காமல் இன்னொன்றைச் செய்யும் தெம்பு எனக்கு இல்லை.

இன்னொரு விஷயம், எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தத் தாளை இரண்டு விதமாக அச்சிட்டு உறையில் வைத்திருக்கிறேன். ஒன்றில் வாளி உண்டு, மற்றதில் இல்லை. மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாளியில் பாதியளவு தண்ணீர் இருக்கிறது. அதற்கு நேர் மேலே, சாய்ந்த சுவரும் கூரையும் சேரும் இடத்தில், ஒரு ஈரக்கறை. வாளி சும்மா கிடந்தது என்று நீ சொன்னாய். நீ சொன்னால் சரிதான். எந்தத் தாள் வேண்டும் என்பது உன் முடிவு. இந்த முறை நான் கேட்கிறேன், அவ்வளவுதான்.

உன் பெரியப்பா


மார்ச் 12

அன்புள்ள பெரியப்பா,

உங்கள் உறையைப் பிரித்ததும் எனக்கு வந்த கோபம் முன்னதைவிடப் பெரியது. வாளிக்காக. மாட்டிக்கொண்டவளுக்கு வரும் கோபம்.

ஒழுகுகிறது பெரியப்பா. கூரை போட்டதும், வேலை முடியும் முன்பே பெய்த முதல் மழையிலேயே ஒழுகியது. அந்தச் சுவரைச் சாய்த்ததால்தான் ஒழுகுகிறது. கொத்தனார் அதையும் முன்பே சொன்னார், நான் கேட்கவில்லை. நீங்கள் வாளியைப் பற்றி விசாரித்தபோது "எடுத்துவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். நீங்கள் என் சுவரைத் திருத்தியது தெரியாமல். நான் என் கூரையைத் திருத்தியது தெரிந்தே. இதில் நான் எந்த வாயால் உங்களோடு சண்டை போட்டேன்?

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். வாசலில்கூட முடிவு செய்திருக்கவில்லை.

நீளமான மேசை, மூன்று பேர். நடுவில் அந்த அலுவலகத்தின் தலைவர் அம்மா. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். தொகுப்பு அவர்முன் திறந்திருந்தது. சரியாக அந்தப் பக்கத்தில்.

"இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றார். "சுவர் நேரா நிக்குது. பின் சுவர்ல விழுற அதோட நிழல் மட்டும் ஏன் சாஞ்சு விழுது?"

பெரியப்பா, நீங்கள் நிழலை மறந்துவிட்டீர்கள்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வர வேண்டிய இடம், ஆனால் சிரிப்புதான் வந்தது. பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தேன். வாளி இருந்த தாள். கை தானாக எடுத்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், பார்த்துத்தான் எடுத்தேன்.

அவர் கீழ்வரியைப் படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். அவர் படித்துவிட்டு இருமினார்.

"யாரு இந்தப் பெரியப்பா?"

"படம் திருத்துறவரு மேடம். கோணலா எதைப் பார்த்தாலும் அவருக்குத் தூக்கம் வராது."

"நிழலையும் திருத்தியிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். சரி, வாளி எதுக்கு?"

"ஒழுகுது மேடம்."

"எங்க?"

"சுவரும் கூரையும் சேர்ற இடத்துல. சுவரைச் சாய்ச்சதால அங்க வாய் விட்டுடுச்சு."

"புத்தகத்துல வாளி இல்லையே. அதையும் பெரியப்பாதான் எடுத்தாரா?"

"அவர் கேட்டாரு மேடம். நான்தான் எடுக்கச் சொன்னேன்."

தலைவர் அம்மா ஒரு பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டார். "இப்ப எப்படி அடைப்ப?" நான் தாளைத் திருப்பி, உங்கள் நல்ல தாளின் முதுகில், கூரையை ஒரு முழம் வெளியே நீட்டி அடியில் தகடு மடித்து வரைந்து காட்டினேன். அவர் குறுக்கே இரண்டு கோடு போட்டார். நான் ஒன்றை அழித்தேன். "அதை ஏன் அழிச்ச?" என்றார். சொன்னேன். எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. மற்ற இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

கிளம்பும்போது தாளைக் கேட்டேன். "இது இங்கேயே இருக்கட்டும். உனக்கு மேசை தயாரானதும் அதுக்கு மேல ஒட்டிக்கோ" என்றார். படியில் பாதி இறங்கிய பிறகுதான் அதன் அர்த்தம் புரிந்தது. திரும்ப ஏறிப் போய், "மேடம், அப்படின்னா வேலையா?" என்று கேட்டேன். "பின்ன, சும்மாவா உக்கார வைப்பாங்க?" என்றார்.

தகடு வேலைக்குக் கொத்தனாரிடம் பேசிவிட்டேன், நீங்கள் படத்தில் செய்ததையும் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று நான்கு தடவை சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். அந்தச் சுவரைப் பற்றி நானும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். படமே சொல்லிவிடும் என்று இருந்துவிட்டேன்.

பெரியம்மாவுக்கு ஒரு முத்தம். உங்களுக்கு இரண்டு, ஒன்று நிழலுக்காக.

வாண்டு


மார்ச் 23

அன்புள்ள வாண்டுக்கு,

வேலை கிடைத்ததற்கு வாழ்த்து என்று எழுதினால் சம்பிரதாயமாக இருக்கும். உன் கடிதத்தைப் பெரியம்மா பக்கத்து வீட்டில் உரக்கப் படித்துவிட்டு வந்தாள் என்று மட்டும் சொல்கிறேன். நிழலைப் பற்றிய பகுதியை இரண்டு முறை.

நேற்று உன் படிப்பகத்துக்குப் போய்வந்தேன். யாரிடமும் சொல்லாமல் போகலாம் என்று நினைத்தேன். பெரியம்மா பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, "போற இடத்துல எதையும் நிமிர்த்திட்டு வராதீங்க" என்றாள்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்க்கும்போதே சுவர் தெரிந்தது. என் கண் ஒப்புக்கொள்ளவில்லை. நான்கடி இப்படி நகர்ந்தும் அப்படி நகர்ந்தும் பார்த்தேன். கூரைமேல் ஒருவர் தகட்டை மடித்துக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது, ஆனாலும் அடையாளம் தெரிந்தது. நானாகவே போய்ப் பேசுவது எனக்கு எளிதல்ல. ஆனால் இந்த மாதம் கேட்காமல் விட்டதன் விலையைப் பார்த்துவிட்டேன். கீழே நின்றபடி கேட்டேன்.

"இந்தச் சுவர் ஏங்க சாஞ்சிருக்கு?"

அவர் ஏணியில் இறங்கி வந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அந்தப் பெரியப்பாவா?"

"ஆமாங்க."

"என்னைப் போட்டோவுல அழிச்ச ஆளு."

"மன்னிக்கணும். தெரியாம..."

"அதை விடுங்க. சுவரை நேராக்கினீங்களே, எப்படி இருந்துச்சு? லட்சணமா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. ரொம்ப லட்சணமா."

"அதைத்தான் நானும் சொன்னேன்! அந்தப் பொண்ணு கேட்டாத்தானே?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உலகத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி நான்தான் போலிருக்கிறது. பிறகு குரலைத் தணித்து, "ஆனா உள்ள போய் உக்காந்து பாருங்க. அந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்னதா சொல்லிடாதீங்க" என்றார். சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்.

உள்ளே நான்கைந்து பேர் வரிசையாகச் சுவரில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். வாளி வாசலுக்கு வந்துவிட்டது, குடைகள் வைக்க. நான் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். என் வயதில் தரையில் உட்காருவதும் ஒரு முடிவுதான், எழுந்திருப்பதையும் யோசித்தே எடுக்க வேண்டும். முதலில் முதுகை நிமிர்த்தி, எப்போதும்போல் உட்கார்ந்திருந்தேன். பிறகு சாய்ந்தேன்.

சுவர் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. இன்னும் கொஞ்சம் பின்னால், முதுகு போக விரும்பும் இடத்தில் இருந்தது. கையில் ஒரு புத்தகம் எடுத்தேன். எந்தப் புத்தகம் என்று சொல்ல முடியாது. கொத்தனார் தட்டி எழுப்பியபோது கடைசிப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது. என் வாய் திறந்திருந்ததா என்று அவரிடம் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை.

என் முதல் கடிதத்தை நீ வைத்திருந்தால் எடுத்துப் பார். கோபுரத்தை நீக்கச் சொன்னது சரி. எழுத்தைக் குறைக்கச் சொன்னதும் சரி, எட்டு வரி கேட்டும் அந்தச் சுவருக்கு ஒரு வரி ஒதுக்காதவளுக்கு அதற்குமேல் எதற்கு? வெற்றிடம் பற்றிச் சொன்னதை யார் வந்து வாதாடினாலும் மாற்ற மாட்டேன். இந்த மூன்றுக்கும் "ஒருவேளை" தேவையில்லை. நான் சந்தேகமே இல்லாமல் எழுதிய இரண்டாவது குறிப்பைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் என் பெயரால் எழுதிவை:

தவறு. கேமரா நேராகத்தான் இருந்தது. சாய்ந்திருந்தது சுவர்.

உன் பெரியப்பா